பன்னிரண்டு கன்றுக்குட்டிகள்

ஜூன் 3, திங்கள்

வேலை வந்திருக்கிறது. நித்திலன் பிறந்த பிறகு வரும் முதல் வேலை. அவனுக்கு ஏழு மாதமும் பத்து நாளும் ஆகிறது.

குழந்தைகளுக்கான அறிவியல் மாத இதழ் ஒன்றின் ஆசிரியர் ஹேமலதா மேடம் சென்னையிலிருந்து கூப்பிட்டார். ஆகஸ்ட் இதழில் விலங்குகளை குளோனிங் செய்வது பற்றி ஒரு கட்டுரை வருகிறது. அதற்கான அட்டைப்படத்தை நான் கம்ப்யூட்டரில் செய்து தர வேண்டும்.

"நடுவுல ஒரு பசு. சுத்தி ஒரே மாதிரி பன்னெண்டு கன்னுக்குட்டி. பாத்த ஒடனே பிள்ளைங்களுக்கு 'ஐயோ, எது எதுன்னே தெரியலையே'ன்னு தோணணும். கைக்குழந்தைய வச்சிக்கிட்டு முடியுமா பொன்செல்வி?"

"முடியும் மேடம். பக்கத்துல என்ன நடந்தாலும் அவன் பாட்டுக்கு விளையாடுவான். ரொம்ப சமத்து."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். பெற்றவள் கண்ணே பட்டுவிடும் என்பார்கள்.

இருபத்தெட்டாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும். இந்த மாதிரிப் படத்தில் ஒரு கன்றை மட்டும் செய்தால் போதும், மற்றவை நகல்தான். நகலெடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, தனி நகல். எடுத்த பிறகு ஒவ்வொன்றும் தன்பாட்டுக்கு இருக்கும். இன்னொன்று, கட்டி வைத்த நகல். பன்னிரண்டு கன்று தெரிந்தாலும் உள்ளே உடம்பு ஒன்றுதான், ஒன்றைத் தொட்டால் எல்லாம் மாறும். என் லேப்டாப்புக்கு வயது ஆறு. அதனால் பாரம் குறைந்த இரண்டாவது வழிதான்.

ஜூன் 5, புதன்

கேழ்வரகுக் கூழை இரண்டு தடவை வடிகட்டியும் துப்பிவிட்டான். துணி மட்டும் மூன்று வாளி. மத்தியானம் கன்றின் உடம்பு முடிந்தது. இன்னும் தோல் போடவில்லை. கம்பிவலைக் கூண்டு மாதிரி நிற்கிறது. காது மட்டும் சரியாக வரவில்லை, வெற்றிலையை ஒட்டி வைத்தது போல இருக்கிறது.

துணி காயப்போடப் போனபோது கீழ்வீட்டு ஜெசிந்தா அக்கா மறித்துக்கொண்டார்.

"ஏத்தா செல்வி, ஒம் மயென் பெரிய கும்பகர்ணனா இருப்பான் போலயே! நேத்து தேர்தல் முடிவுன்னு தெருமுக்குல ஆயிரம் வாலா வெடிச்சானுக. எங்க வீட்டுச் சன்னல் கண்ணாடி அதிருது. நான் பிள்ளை பயந்துருமேன்னு மேல ஓடியாந்து பாத்தா, தொட்டில்ல சொகமாத் தூங்குறான். நீ என்னமோ மொட்டை மாடியில வத்தல் அள்ளிக்கிட்டு இருக்க."

"பகல்ல நல்லா விளையாடுறான்ல அக்கா, அசதி."

"குடுத்து வச்சவத்தா நீ."

ஜூன் 6, வியாழன்

எவர்சில்வர் தட்டு கை தவறி விழுந்தது. இரண்டு தடவை.

ஜூன் 9, ஞாயிறு

அண்ணன் வீடியோவில் வந்தான். காளிராஜன். எனக்கு மூன்று வயது மூத்தவன். சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் ஆப்செட் மெஷின் ஓட்டுகிறான். பிறவியிலேயே காது கேட்காது. விடுதிப் பள்ளியிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் கைமொழியை எனக்கும் கற்றுக்கொடுப்பான். அம்மா அப்பாவுக்கு அது கடைசிவரை வரவில்லை. அவன் கையால் சொல்வதை இங்கே எங்கள் சாத்தூர்ப் பேச்சிலேயே எழுதுகிறேன். எனக்கு அப்படித்தான் கேட்கிறது.

லேப்டாப்பில் நின்ற கன்றைக் காட்டினேன்.

"இது கன்னுக்குட்டியா, சோறு கிடைக்காத நாயா?"

"போடா. இன்னும் தோல் போடல."

"மருமகன் எங்க? அவனைக் காட்டு. மூணு மாசத்துல பாத்தது. வர்ற ஞாயித்துக்கிழம வாரேன்."

"வேண்டாம்டா. அவனுக்குச் சளி. ஒனக்கு ஒட்டிக்கிரும்."

"எனக்கா? மெஷின் மசிய மூக்குல ஏத்திக்கிட்டு நிக்கிறவனுக்கு ஒஞ் சளிதான் ஒட்டப்போகுதா?"

இரண்டு வாரம் போகட்டும் என்று சமாளித்து வைத்துவிட்டேன். பின்னால் மச்சான் நின்றுகொண்டிருந்தார். எனக்குக் கணவர், அத்தை மகன். ரத்தினவேல் என்று பெயர். நான் பெயர் சொல்வதில்லை. அவருக்கும் கைமொழி கொஞ்சம் தெரியும், சளிக்கான சைகை தெரியாதவரில்லை.

"இவனுக்கு எப்ப செல்வி சளி பிடிச்சது?"

"லேசாத்தான் மச்சான்."

ஜூன் 12, புதன்

கட்டுரையின் வரைவை அனுப்பியிருந்தார்கள். தெரியாததை வரையக் கூடாது என்று இரண்டு முறை படித்தேன். நகலெடுக்க வேண்டிய மாட்டிலிருந்து ஒரு துளித் தோலை எடுக்கிறார்கள். அந்த உயிரணுவின் கருவை, கரு நீக்கிய இன்னொரு மாட்டின் முட்டைக்குள் வைக்கிறார்கள். அதை மூன்றாவது ஒரு மாடு சுமந்து பெறுகிறது. தோலைப் பெரும்பாலும் காதிலிருந்துதான் எடுக்கிறார்களாம். காது மெல்லியது, மாட்டுக்கு அதிகம் வலிக்காது.

காதிலிருந்து. உடம்பில் வேறு இடமே கிடைக்கவில்லையா?

அம்மாவுக்கு அப்பா தாய்மாமன். எனக்கு மச்சான் அத்தை மகன். கல்லூரியில் கூடப் படித்த ஷர்மிளா எங்கள் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "உங்க குடும்பம் மரம் இல்லடி, அவரைக்கொடி. சுத்திச் சுத்தி அதே பந்தல்லதான் ஏறுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். எனக்கு மச்சானைப் பன்னிரண்டு வயதிலிருந்து பிடிக்கும். பந்தலைப் பற்றி யோசிக்கவில்லை.

படத்துக்குத் தேவையானதைத் தவிர வேறெதையும் நெட்டில் தேடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

ஜூன் 15, சனி

பசுவும் முடிந்தது. பன்னிரண்டு கன்றுகளையும் வட்டமாக நிறுத்தி, காலை வெயில் போட்டு, முதல் படத்தை எடுத்து அனுப்பினேன். கறுப்பு வெள்ளை. ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஒரே புளியங்கொட்டைப் புள்ளி. பார்க்கப் பார்க்க மிரட்சியாகத்தான் இருக்கிறது.

மச்சான் இன்று பைக் ஷோரூமிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டார். வாசலில் நின்றபடியே, "ஏலே நித்தி! டேய் எஞ் செல்லம்! அய்யா வந்துட்டேன்ல!" என்றார். அவன் பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். மச்சான் இரண்டு அடி வைத்து உள்ளே வந்ததும் சட்டென்று நிமிர்ந்து சிரித்தான்.

"பாத்தியா, ரெண்டு தடவை கூப்பிட வச்சுத்தான் தொரை திரும்புறாரு. இப்பவே முதலாளிக் கணக்கா."

"வேலையா இருந்தான்ல" என்றேன்.

வாசல் மேற்குப் பார்த்தது. மாலையில் யார் உள்ளே வந்தாலும் நிழல் பாய் வரைக்கும் விழும். படத்துக்கு வெளிச்சம் வைப்பவள் நான், இதெல்லாம் கண்ணில் படத்தான் செய்யும். பட்டால் என்ன.

ஜூன் 18, செவ்வாய்

ஹேமலதா மேடம் போனில் வந்தார். கட்டுரையைச் சரிபார்க்கும் கால்நடை டாக்டர் படத்தை ஒத்துக்கொள்ளவில்லையாம்.

"புள்ளி ஒரே மாதிரி வராதாம் பொன்செல்வி. வயித்துல வளரும்போது அந்த நிறம் தோல்ல எப்படிப் பரவுதுங்கறது ஒவ்வொண்ணுக்கும் மாறுமாம். குளோனே ஆனாலும் புள்ளி வேற வேறதானாம். எனக்கே இப்பத்தான் தெரியும். அப்புறம் எனக்கு ஒரு குறை. எல்லாம் கொலு பொம்மை கணக்கா நிக்குது. ஒண்ணாவது உயிரோட இருக்கணும்ல? யாரோ கூப்பிட்டா காதைத் திருப்புமே, அப்படி ஒண்ணு வைங்க."

புள்ளியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், காது சின்ன வேலை என்று மத்தியானம் உட்கார்ந்தேன். நித்திலன் எனக்குப் பின்னால் இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்து, மூடியைக் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தான். இடது ஓரத்தில் நின்ற கன்றின் காதைப் பிடித்து முன்பக்கமாக, என்னை நோக்கித் திருப்பினேன்.

கட்டி வைத்த நகல் என்பதை மறந்துவிட்டேன்.

பன்னிரண்டு கன்றும் ஒரே நேரத்தில் காதைத் திருப்பின. நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல அத்தனை காதும் என் பக்கம். பயந்து கத்திவிட்டேன்.

இவன் திரும்பவில்லை. முதுகு அப்படியே இருந்தது. கரண்டி மூடியில் விழுந்துகொண்டே இருந்தது.

நான் அவ்வளவு சத்தமாகக் கத்தவில்லை. லேசாகத்தான்.

கீழிருந்து ஜெசிந்தா அக்கா, "என்னத்தா ஆச்சு? தேளா?" என்று ஓடிவந்தார்.

ஜூன் 19, புதன்

இதை எழுதிவிடுகிறேன். எழுதாமல் இருந்தால் இல்லையென்று ஆகிவிடும் என்று எட்டு மாதம் இருந்து பார்த்தாயிற்று.

பிரசவமான மூன்றாம் நாள், மச்சான் பிளாஸ்க் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ஒரு நர்ஸ் வந்து குழந்தையின் காதில் சின்ன மொட்டு ஒன்றை வைத்து, கையிலிருந்த மெஷினைப் பார்த்தாள். மறு காதிலும் வைத்தாள். மறுபடி முதல் காது.

"ரெண்டு பக்கமும் வரலக்கா. பயப்படாதீங்க, பிறந்த பிள்ளைக்குக் காதுக்குள்ள ஈரம் இருக்கும். ஒரு மாசத்துல மறுபடி வாங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

"வீட்டுல யாருக்காவது காது கேக்காம இருக்கா?" என்றும் கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

மச்சான் பிளாஸ்க்கோடு வருவதற்குள் சீட்டை நான்காக மடித்து, ஸ்கேன் படம் வைத்த உறைக்குள் போட்டுவிட்டேன். தடுப்பூசி அட்டை, எடை எழுதிய தாள், ரத்த வகை எல்லாம் பைலில் தேதிவாரியாக இருக்கின்றன. அது மட்டும் இல்லை.

ஒரு மாதம் ஆனபோது மழை. அப்புறம் எனக்குக் காய்ச்சல். அப்புறம் அவன் சிரிக்க ஆரம்பித்தான். முகத்தைப் பார்த்து அப்படிச் சிரிக்கிற பிள்ளைக்கு என்ன இருந்துவிடப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

ஜூன் 21, வெள்ளி

காது வேலையை நிறுத்திவிட்டு படத்தின் தரை, புல், வானம் என்று செய்துகொண்டிருக்கிறேன். வானம் யாரையும் ஒன்றும் கேட்பதில்லை.

ஜூன் 23, ஞாயிறு

அண்ணன் சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டான். கையில் ஒரு கிலோ சாத்தூர்ச் சேவு. மச்சான் கறி வாங்கப் போயிருந்தார். நான் உலை வைத்திருந்தேன்.

"சளி போயிருச்சா?" என்றான். தலையாட்டினேன்.

நித்திலன் பாயில் குப்புறக் கிடந்து பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் அவனுக்குப் பின்னால் போய் நின்றான். கூப்பிடவில்லை, அவனால் முடியாது. குதிகாலால் தரையில் ஓங்கி ஒரு மிதி. நித்திலன் சட்டென்று திரும்பினான். அண்ணன் சிரித்தான், அவனும் சிரித்தான். இவன் மறுபடி பல்லியைப் பார்த்ததும் இன்னொரு மிதி. மறுபடி திரும்பினான். வயிறு குலுங்கச் சிரிக்கிறான். அப்படி அவன் சிரித்து நான் பார்த்ததில்லை.

மாடி வீடு. தரை அதிரும். அது அதிர்வுதான் என்று எனக்குத் தெரிந்தது, அண்ணனுக்கும் தெரிந்தது. அவன் ஒரு செம்பை எடுத்து, குழந்தைக்குப் பின்னால் என் தோள் உயரத்தில் பிடித்து, கரண்டியால் தட்டினான். தட்டியபடி குழந்தையைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்தான். சத்தத்தில் என் கண் தானாக மூடித் திறந்தது. நித்திலனுக்குப் பல்லி.

"ஒனக்கு எவ்வளவு நாளாத் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"செல்வி. வாயால பொய் சொன்னா எனக்குத் தெரியாது. கையால சொல்லாத."

போய் ஸ்கேன் உறையை எடுத்துவந்து சீட்டைக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தான். விரல் மடக்கி எண்ணினான்.

"எட்டு மாசம். சளின்னு என்னைய வர விடாம பண்ணுனது, நான் பாத்தாக் கண்டுபிடிச்சிருவேன்னா?"

"ஆமா."

அதைச் சொல்ல எனக்குச் சுலபமாகத்தான் இருந்தது. அவன் விடவில்லை.

"டாக்டர்ட்ட போகாம இருந்தது எதுக்கு? டாக்டருக்கும் சளி ஒட்டிக்கிருமா? இவன் என்னைய மாதிரி ஆயிருவான்னு பயந்தியா?"

என் கை இரண்டும் ஈரமாக இருந்தன. முந்தானையில் துடைத்தேன். துடைத்த பிறகும் அவை எதையும் சொல்லவில்லை. அண்ணன் கொஞ்ச நேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு குழந்தையின் தலையைத் தொட்டுவிட்டுச் செருப்பை மாட்டினான்.

படியில் மச்சான் கறியோடு ஏறி வந்துகொண்டிருந்தார். "என்ன மாப்ள, இப்பத்தான் கறி வந்திருக்கு, எங்க கிளம்பிட்டீரு?" என்று கையைப் பிடித்து இழுத்தார். அண்ணன் கும்பிட்டுவிட்டு இறங்கிப் போனான். அவர் உள்ளே வந்து சேவுப் பொட்டலத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கூடப் பொறந்தவன் கை நனைக்காமப் போறான். என்னடி சொன்ன அவன்ட்ட?"

"ஒண்ணும் சொல்லல. அதான்."

பிறகு சீட்டை அவரிடம் கொடுத்தேன். உலை பொங்கி அடுப்பு அணைந்துவிட்டது.

ஜூன் 24, திங்கள்

நேற்று மச்சான் சீட்டை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்று வேலைக்குப் போய்விட்டு மூன்று மணிக்கெல்லாம் திரும்பி வந்துவிட்டார். சட்டையைக்கூடக் கழற்றாமல் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொந்தத்துல கட்டுனதாலதான்னு சொல்லுவாக. ஒங்கள வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது நான்தான்."

"நானும்தான் நின்னேன். எனக்கென்ன கால் இல்லையா?" குழந்தையின் சட்டையைச் சரிசெய்தபடி, "செல்வி, நானும் ரெண்டு மாசமாப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

"எதை?"

"வாசல்ல நின்னு நித்தின்னு கூப்பிடுவேன்ல? ஒருநா வேணும்னே முனியாண்டின்னு கூப்பிட்டேன். ஒருநா ஏ கழுதைன்னு. ஒருநா வாயத் தொறக்கவே இல்ல, சும்மா உள்ள வந்தேன். எல்லாத்துக்கும் ஒரே மாதிரிதான் திரும்பினான். நீ பயந்துருவேன்னு சொல்லல."

நான் வேண்டுமென்றே தட்டைக் கீழே போட்டுப் பார்த்ததைச் சொன்னேன். எத்தனை தடவை என்றார். ஞாபகம் இல்லை என்றேன். அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு மூலையில் பரீட்சை நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம்.

காது கேட்கிறதா என்று மெஷினில் பார்க்கும் பெரா டெஸ்ட் என்று ஒன்று எடுக்க வேண்டுமாம். வெள்ளிக்கிழமை காலைக்கு நேரம் வாங்கிவிட்டார்.

அண்ணனுக்கு மூன்று மெசேஜ் போட்டேன். நீல டிக் வந்தது. பதில் இல்லை.

ஜூன் 25, செவ்வாய்

கன்றுகளைப் பிரித்தேன். கட்டை அவிழ்க்க ஒரு சொடுக்குதான், அதன் பிறகுதான் வேலை. ஒவ்வொன்றுக்கும் தனியாகத் தோல் விரித்துப் புள்ளி வைத்தேன். ஒன்றுக்கு நெற்றி முழுக்க வெள்ளை, ஒன்றுக்கு ஒரு கால் மட்டும் கறுப்பு. லேப்டாப் அடுப்பு மாதிரிச் சுடுகிறது. மாலைக்குள் ஐந்து முடிந்தது.

காதைத் திருப்புகிற கன்று எது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

ஜூன் 26, புதன்

இன்று ஏழு. மொத்தம் பன்னிரண்டு. எதையும் காதைத் திருப்ப வைக்கவில்லை. ஒரு கன்று மட்டும் கழுத்தைத் திருப்பி, நேராக நம் கண்ணைப் பார்க்கிறது. அனுப்பிவிட்டேன்.

மேடம் அரைமணி நேரத்தில் கூப்பிட்டார். "இப்ப எல்லாம் வேற வேறயா இருக்கே, குளோனுன்னு பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டாக்டர் சொன்னதுதானே மேடம்."

"அவரு சொன்னாரு. இப்ப நான் கட்டுரையோட தலைப்பை மாத்தணும்." பிறகு, "அந்தப் பாக்குற குட்டி நல்லாருக்கு. காதைத்தானே கேட்டேன்? பரவால்ல, இருக்கட்டும்" என்றார்.

ஜூன் 27, வியாழன்

அண்ணனுக்கு எழுத்தில் சொல்ல முடியாது என்று தெரிந்துவிட்டது. போனை மிளகாய்ப்பொடி டப்பாவில் சாய்த்து வைத்து, கையால் பேசி வீடியோ எடுத்தேன். ஏழாவது தடவைதான் சரியாக வந்தது. கை பழக்கம் விட்டுப்போயிருக்கிறது; சில சொல்லுக்குச் சைகையே வரவில்லை, விரலால் எழுத்தெழுத்தாகக் காட்டினேன். சொன்னது இதுதான்.

ஆமா, பயந்தேன். நீ கேட்டதுதான் உண்மை. எனக்குப் பத்து வயசு இருக்கும்போது மாரியம்மன் கோயில் திருவிழாவுல நாம ஐஸ் வண்டிகிட்ட நின்னோம். எங்கூடப் படிச்ச பிள்ளைங்க வந்து, நீ கையாட்டிப் பேசுறதப் பாத்துட்டு, அது யாருன்னு கேட்டாங்க. பக்கத்து வீட்டுப் பையன்னு சொன்னேன். நீ பக்கத்துலதான் நின்ன. இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்லை. நர்ஸ் கேட்டப்பவும் வீட்டுல யாருக்கும் இல்லன்னுதான் சொன்னேன். பிள்ளைக்கு என்ன ஆகும்னு பயந்ததவிட, நாளைக்கு இவனையும் யார்னு கேட்டா நான் என்ன சொல்லுவேனோன்னுதான் பயந்தேன்.

அனுப்பியதும் போனைக் கவிழ்த்து வைத்தேன். மாலையில் பார்த்தபோது நீல டிக். அவ்வளவுதான்.

ஜூன் 28, வெள்ளி

டெஸ்ட் எடுக்கும்போது குழந்தை தூங்க வேண்டுமாம். அதற்காக விடியற்காலை நாலு மணியிலிருந்து தூங்கவிடாமல் கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். முகத்தில் தண்ணீர் தொட்டு வைப்பதும் தூக்கிப் போட்டுப் பிடிப்பதுமாக ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆட்டோவில் கண் சொருகிச் சொருகி அழுதான். எனக்கே பாவமாக இருந்தது.

சென்டர் வாசலில் அண்ணன் நின்றுகொண்டிருந்தான். மச்சான்தான் இடத்தையும் நேரத்தையும் அனுப்பியிருக்கிறார். லீவு போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் வந்திருக்கிறான், நகக்கண்ணில் நீல மசி அப்படியே இருந்தது. என்னிடமிருந்து குழந்தையை வாங்கி நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, வராந்தாவில் நடந்துகொண்டே மூக்கால் 'ம்ம்ம்' என்று முனகினான். அந்த முனகல் அவனுக்கும் கேட்காது. ஆனால் நெஞ்சு அதிரும். ஐந்து நிமிடத்தில் நித்திலன் தூங்கிவிட்டான்.

இருட்டான சின்ன அறை. நெற்றியிலும் இரண்டு காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். டெஸ்ட் எடுக்கும் பெண் மெஷினில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். கம்ப்யூட்டர் திரையில் கோடு ஓடியது. கேட்கிற பிள்ளைக்கு அந்தக் கோட்டில் மேடும் பள்ளமுமாக அலை எழும்பும் என்று முன்பே சொல்லியிருந்தாள். அறுபது. எழுபது. எண்பது. திரையில் வருவதைச் சரிசெய்வதே தொழிலாகக் கொண்டவள் நான். அந்தக் கோட்டைப் பிடித்து ஒரு இடத்திலாவது மேலே இழுத்துவிட என் கை தவித்தது. தொண்ணூறு. ஒன்றும் எழும்பவில்லை. இந்தக் காதிலும் இல்லை, அந்தக் காதிலும் இல்லை.

டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார். "ரெண்டு காதும் கேக்கல. இன்னொரு டெஸ்ட், ஒரு ஸ்கேன் பாத்துட்டு காதுல மிஷின் வச்சுப் பாப்போம். ஒரு வயசு கிட்ட ஆபரேஷன் தேவையான்னு முடிவு பண்ணலாம். மூணு மாசத்துலயே வந்திருக்கலாம். இப்பவாவது வந்தீங்களே, நேரம் இருக்கு." வீட்டில் வேறு யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டார்.

"எங்க அண்ணனுக்கு" என்றேன். கதவோரம் நின்றவனைக் காட்டினேன். "இவன்தான்."

அண்ணன் டாக்டருக்கு ஒரு வணக்கம் வைத்தான்.

மச்சான் அடுத்த டெஸ்ட்டுக்கு எழுதிக்கொடுக்க உள்ளே போனார். நானும் அண்ணனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். குழந்தை என் மடியில் விழித்துக்கொண்டு, நெற்றியில் ஒட்டிய பசையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அண்ணன் என் பக்கம் திரும்பினான்.

"வீடியோ பாத்தேன். கை ரொம்ப மோசம். பாதி எழுத்துத் தப்பு."

"பதில் போடல நீ."

"கோவம். நேத்து ராத்திரி வரைக்கும் இருந்துச்சு. இன்னும் கொஞ்சம் இருக்கு."

"திருவிழாவுல நான் சொன்னது..."

"அது அன்னைக்கே எனக்குத் தெரியும்."

என் கை அந்தரத்தில் நின்றது.

"ஒதட்டைப் படிச்சேன். அப்பத்தான் பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லிக்குடுத்திருந்தாங்க. நான் மொத மொதலா வெளிய படிச்ச வார்த்த அதான். பக்கத்து வீட்டுப் பையன். சரியாப் படிச்சமான்னு ஒரு சந்தேகம் மட்டும் இருந்துக்கிட்டே இருந்துச்சு. நேத்துத்தான் சரின்னு தெரிஞ்சுது."

பதினெட்டு வருடம். நான் அழுதேன். அவன் தடுக்கவில்லை, தோளையும் தொடவில்லை. அழுது முடிக்கட்டும் என்று குழந்தையின் விரலைப் பிடித்து ஆட்டிக்கொண்டு இருந்தான். நித்திலன் அண்ணனின் கையைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், மறுபடி அண்ணனின் கையைப் பார்த்தான். ஒன்றையும் விடாமல் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அண்ணன் அதைக் கவனித்துவிட்டு என் முழங்கையைத் தட்டினான்.

"பாத்தியா? இப்பவே ஆரம்பிச்சிட்டான். ஒன்னையப் பத்தி, என்னையப் பத்தி, இவனப் பத்தி, யார்ட்ட என்ன சொன்னாலும் சரி, யோசிச்சுச் சொல்லு. இவனும் படிப்பான்."

நான் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். மடியில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்த குழந்தையைத் தூக்கி, என் முகம் அவனுக்குத் தெரியும்படி, என்னைப் பார்த்து உட்காரவைத்தேன்.